வாழைப்பழத்தில் இருப்பது

விளக்கக் கூட்டம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் காதுகுத்துக்குக் கட்டிய வாழை மரங்கள் வாசலின் இரண்டு பக்கமும் தாரோடு நின்றன. யாரும் அவிழ்க்கவில்லை.

மேடையில் இரண்டு பேர். ஒருவர் கிறிஸ்டோபர். அணுமின்சாரத்தைப் பற்றி ஊர் ஊராகப் போய் விளக்குவது அவர் வேலை. இன்னொருத்தி ஹேமாவதி. உள்ளூர் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. இந்த ஊரிலேயே பிறந்தவள். வெளியாள் சொன்னால் நம்ப மாட்டார்கள், நீங்கள் சொன்னால் நம்புவார்கள் என்று கிறிஸ்டோபர் பள்ளிக்கு வந்து கேட்டிருந்தார். அப்படி அவர் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது.

கூட்டத்துக்குக் காரணம் மலையடிவாரம். மாசியிலிருந்து அங்கே ஜீப்பில் ஆட்கள் வந்தார்கள். துளை போட்டார்கள். கல்லை உருளை உருளையாக எடுத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனார்கள். எதற்கென்று ஒரு பலகைகூட வைக்கவில்லை. அணு உலைக் கழிவைப் புதைக்க இடம் பார்க்கிறார்கள் என்று பேச்சு எழுந்தது. கம்பம் சந்தை வரைக்கும் போனது.

கிறிஸ்டோபர் திரையில் படம் காட்டினார். நீலக் கடலோரம் ஒரு உலை. மின்விளக்கின் கீழ் படிக்கும் ஒரு பெண் குழந்தை. ஜனங்கள் விசிறிக்கொண்டிருந்தார்கள். பவுனு எழுந்தாள். அடிவாரத்தை ஒட்டி நிலம் வைத்திருப்பவள்.

“சார், எங்க காட்டுக்கு மேக்க எதுக்குக் குழி போடுறீக? அத மட்டும் சொல்லுங்க. நான் போயி மாட்டுக்குத் தண்ணி காட்டணும்.”

கூட்டம் சிரித்தது. கிறிஸ்டோபரும் சிரித்தார்.

“நல்ல கேள்விம்மா. அதுக்கு முன்னாடி கதிர்வீச்சுன்னா என்னன்னு நாம புரிஞ்சுக்கணும். நம்ம டீச்சர் சொல்வாங்க.”

மேசையில் கதிர்வீச்சை அளக்கும் கருவி இருந்தது. உள்ளங்கை அளவு. பக்கத்தில் ஒரு வாழைப்பழம். போகும் ஊரிலெல்லாம் அவர் அந்தப் பழத்தைத்தான் காட்டுவார். ஹேமாவதி கருவியை எடுத்தாள். பழத்தை எடுக்கவில்லை. மேடையிலிருந்து இறங்கி வாசலுக்கு நடந்தாள். தாரில் வைத்துக் காட்டினால் எல்லோருக்கும் தெரியும் என்று அப்போது தோன்றியது. கிறிஸ்டோபர் மைக்கைக் கொண்டுவந்து நீட்டினார்.

கருவி டிக் டிக் என்றது.

“கேட்டீகளா? இது நம்ம வாழப்பழம். இதுலயும் கதிர்வீச்சு இருக்கு. தெனம் திங்கிறோம். செத்தா போயிட்டோம்?”

நல்ல சிரிப்பு. கைதட்டல். பவுனு கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வெளியே போனாள்.

அந்தக் கருவி மேசையிலும் அப்படித்தான் டிக் டிக் என்றிருந்தது. காரில் வரும்போதும். வெறும் கையில் பிடித்தாலும் அதே சத்தம்தான். கல்லிலிருந்தும் காற்றிலிருந்தும் வானத்திலிருந்தும் வருவதை அது எப்போதும் எண்ணிக்கொண்டிருக்கும். பழத்தில் பொட்டாசியம் உண்டு, அதில் மிகச் சிறு பங்கு கதிர் வீசும் என்பது உண்மை. அந்த அளவு அந்தக் கருவிக்குக் கேட்காது என்பதும் உண்மை. ஹேமாவதிக்கு இரண்டும் தெரியும். இரண்டையும் பிரித்துச் சொல்லியிருக்கலாம். கைதட்டிக்கொண்டிருந்தார்கள். சொல்லவில்லை.

வினோத்ராஜ் கூட்டத்தைப் படம் பிடித்திருந்தான். அடிவாரத்துத் திட்டத்தை எதிர்த்து முகநூலில் ஒரு பக்கம் நடத்துபவன். ‘செத்தா போயிட்டோம்’ என்பதை வெட்டிவிட்டு மீதியைப் போட்டான். மேலே சிவப்பு எழுத்தில்: நம் வாழைப்பழத்தில் கதிர்வீச்சு, கருவியோடு நிரூபித்த இயற்பியல் ஆசிரியை. துளை போட்ட பிறகு வந்ததா என்று கீழே ஒரு கேள்வி.

மறுநாள் அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குப் பழம் கொடுக்க வேண்டாம் என்று தாய்மார்கள் சொன்னார்கள். அதற்கு மறுநாள் அந்தப் படம் மலையாள எழுத்தோடு குமுளியைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனது.

ஓணத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

சீனிச்சாமி ஹேமாவதியின் அப்பாவுக்குத் தம்பி. நேந்திரன் போட்டிருந்தார். ஒவ்வொரு ஓணத்துக்கும் கோட்டயத்து வியாபாரி ஒருவர் தோட்டத்தோடு பேசி எடுத்துக்கொள்வார். சிப்ஸுக்கு. தார்கள் திரண்டு நின்றன. சீனிச்சாமி போனை ஒலிபெருக்கியில் போட்டு ஹேமாவதிக்கு முன்னால் வைத்தார்.

“சாமிச்சேட்டா, எனக்குப் பயம் ஒண்ணுமில்லா,” என்றது குரல். “கடக்காரங்க வேண்டான்னு பறையுது. தேனிக்காயான்னு கேக்குது. ஞான் என்ன செய்யும்? ஓணம் கழியட்டே.”

“ஓணம் கழிஞ்சா எனக்கு எதுக்குய்யா? மாட்டுக்குத்தான் போடணும்.”

“மாட்டுக்கும் ஆவாதுன்னு டீச்சர் சொல்லப் போறாக,” என்றாள் பின்னால் நின்ற முருகம்மாள். சீனிச்சாமியின் மனைவி.

“ஏ, சும்மா இரு.”

“நான் என்ன சொன்னேன்? படிச்சவக சொன்னா சரியாத்தான இருக்கும். இவ அப்பன் நட்ட மரத்துல தின்னு வளந்தவதான். இப்பத்தான் மிசின வச்சுக் கண்டுபிடிச்சிருக்கா.”

ஹேமாவதி தரையைப் பார்த்தாள்.

“சித்தப்பா, நான் சொன்னதுல தப்பில்ல. அவன் வெட்டிப் போட்டுட்டான். நான் முழுசா வெளக்கிச் சொல்றேன்.”

“சொல்லுத்தா. அதான் சொல்லு.”

கிறிஸ்டோபரிடம் போனில் பேசினாள். விளக்க வீடியோ போடலாம் என்றார். பள்ளி ஆய்வகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்தார்கள். அவள் நன்றாகத் தயாரித்திருந்தாள். கரும்பலகையில் எழுதினாள். கருவி எங்கும் சத்தமிடும் என்பதையும் சொன்னாள். பொட்டாசியம் எல்லா உயிரிலும் இருக்கிறது, உருளைக்கிழங்கில் இருக்கிறது, இளநீரில் இருக்கிறது, நம் எலும்பிலும் தசையிலும் இருக்கிறது, தாய்ப்பாலில்கூட இருக்கிறது, இதனால் யாருக்கும் எதுவும் ஆகாது என்றாள். எதையும் விடக் கூடாது என்று நினைத்தாள். முதல் தடவை விட்டதற்குச் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னாள்.

அந்த வீடியோவை முழுசாகப் பார்த்தவர்கள் கொஞ்சம்.

வெட்டிப் போட்டது இந்தத் தடவை வினோத்ராஜ் இல்லை. யாரென்று தெரியவில்லை. இளநீர் ஒரு துண்டு. தாய்ப்பால் ஒரு துண்டு.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முத்துலட்சுமி வந்தாள். சீனிச்சாமியின் மருமகள். இடுப்பில் நாலு மாதக் கைப்பிள்ளை. உள்ளே வரவில்லை. கதவில் சாய்ந்து நின்றாள்.

“மதினி, பாலு குடுக்கலாமா?”

“என்ன கேள்வி இது? குடு.”

“ரெண்டு நாளா டப்பாப் பால் குடுக்கேன். எங்கம்மா குடுக்காதன்னுருச்சு. கட்டிக்கிட்டு வலிக்கு.”

“ஏ, ஒண்ணும் ஆகாதுன்னு அதுலயே சொல்லியிருக்கேன்ல. முழுசாப் பாரு.”

“பாத்தேன். இருக்குன்னு சொல்றீகள்ல.”

“இருக்கு. ஆனா அது—”

“இருக்குன்னா இருக்குதான மதினி?”

ஹேமாவதி அளவு என்ற சொல்லை எடுத்தாள். ஒரு மூட்டை நெல்லில் ஒரு மணியின் ஒரு நுனி என்றாள். முத்துலட்சுமி மரியாதையாகக் கேட்டாள். பிள்ளை அழுதது. அவள் அதைத் தோளில் மாற்றிப் போட்டுத் தட்டினாள். மாராப்பில் இரண்டு இடத்தில் ஈரம்.

“அப்ப அந்த ஒரு நுனி எம்பிள்ளைக்குத்தான் போகுமா?” என்று கேட்டுவிட்டுப் படியிறங்கினாள்.

வினோத்ராஜ் புதன்கிழமை வந்தான். அவனைக் கூட்டி வந்தவள் முருகம்மாள். அவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். ஹேமாவதியிடம் படித்தவன்.

“டீச்சர், மன்னிச்சிருங்க. இவ்வளவு தூரம் போகும்னு நெனைக்கல.”

“வெட்டுனது நீதான.”

“நான்தான். அடிவாரத்துல என்ன நடக்குதுன்னு கேட்டா பழத்தக் காட்டுறாக. கோவம் வராதா? ஆனா எங்க மாமா தோட்டமும் நிக்குது டீச்சர். வீட்டுல எனக்குச் சோறு போட மாட்டேங்கிறாக.”

“போடக் கூடாது,” என்றாள் முருகம்மாள். “பழத்தப் போடணும்.”

யாரும் சிரிக்கவில்லை.

“நான் அழிச்சிட்டேன்,” என்றான். “அழிச்சா போகுமா? ஊரெல்லாம் வச்சிருக்காக. நீங்க மறுபடி வந்து சொன்னாத்தான் போகும். என் பேஸ்புக் பக்கத்துல சொல்லணும். அதத்தான் பாக்குறாக.”

“சொன்னேனே. முழுசாச் சொன்னேன்.”

“முழுசா வேணாம் டீச்சர். இல்லன்னு சொல்லுங்க.”

“இல்லன்னு எப்பிடிச் சொல்ல?”

“வாயாலதான்,” என்றாள் முருகம்மாள். “இருக்குன்னு சொன்ன வாயிதான. அந்தப் பிள்ள முகத்தப் பாத்தியா? ரவைக்கெல்லாம் கத்துது. எம் மருமக ஒரு பக்கம் வலியில கெடக்கா. எங்க வீட்டு மனுசன் தோட்டத்துக்குப் போறதுமில்ல, சாப்பிடுறதுமில்ல. இல்லன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு ஒனக்கு என்ன கொறஞ்சு போகுது?”

ஹேமாவதி அதற்குப் பதில் யோசித்தாள். பதினெட்டு வருஷமாகப் பன்னிரண்டாம் வகுப்புக்கு அந்தப் பாடத்தை நடத்துகிறாள். அதைச் சொல்ல அப்போது வெட்கமாக இருந்தது.

முருகம்மாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தை மேசையில் வைத்தாள். எடுத்து வந்திருந்தாள். வினோத்ராஜ் போனைத் தூக்கிப் பிடித்தான்.

“நம்ம வாழப்பழத்துல கதிர்வீச்சு எதுவும் கெடையாது,” என்றாள் ஹேமாவதி. “இளநீர்லயும் கெடையாது. தாய்ப்பால்லயும் கெடையாது. பயப்படாமச் சாப்பிடுங்க. பிள்ளைகளுக்குக் குடுங்க.”

பழத்தை உரித்துத் தின்றாள். வாய் வறண்டிருந்தது. விழுங்கக் கஷ்டப்பட்டாள்.

“முழுங்குறது நல்லா வரல டீச்சர். இன்னொருக்கா.”

இன்னொரு பழம் உரித்தாள்.

அது ஓடியது. முந்தின இரண்டையும்விட வேகமாக ஓடியது. சிரித்த முகமும் கும்பிட்ட கையும் வரிசையாகக் கீழே வந்தன. ‘உண்மையைச் சொன்ன டீச்சருக்கு நன்றி’ என்று ஒருவர். முத்துலட்சுமி அன்று இரவே பால் கொடுத்தாள். அங்கன்வாடிக்குப் பழம் திரும்பியது. வெள்ளிக்கிழமை கோட்டயத்திலிருந்து போன் வந்தது.

பள்ளியில் தலைமை ஆசிரியர் அவளைக் கூப்பிட்டு, நல்ல காரியம் பண்ணீங்க என்றார். அவர் வேதியியல் படித்தவர். அவளைப் பார்க்காமல் மேசையிலிருந்த பேப்பரைத் திருப்பி வைத்துக்கொண்டே சொன்னார்.

கிறிஸ்டோபரும் பேசினார். அவருக்குக் கோபம் இல்லை.

“பரவால்ல மேடம். எங்களுக்கும் பதற்றம் அடங்குனா சரி. தப்பு என் மேலயும் இருக்கு. வாழை விளையுற ஊர்ல வாழையைக் காட்டியிருக்கக் கூடாது. ஸ்லைடை மாத்திட்டோம். பிரேசில்ல ஒரு கொட்டை இருக்காம், அதுல கதிர்வீச்சு இன்னும் கூடவாம். இங்க யாரும் போடுறதில்ல.”

“சார், அந்த அம்மா கேட்டாங்களே. அடிவாரத்துல என்னன்னு.”

“அது வேற பிரிவு மேடம். எங்களுக்கே சொல்ல மாட்டாங்க. எங்க வேலை விழிப்புணர்வு மட்டும்தான்.”

சனிக்கிழமை தார் வெட்டு. சீனிச்சாமி வரச் சொல்லியிருந்தார். அவள் போனாள்.

லாரி வண்டிப்பாதையில் நின்றது. ஆட்கள் தாரை வெட்டித் தோளில் சாய்த்துக் கொண்டுவந்தார்கள். லாரியில் ஒருவன் சருகை விரித்து அடுக்கினான். முருகம்மாள் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். ஹேமாவதியைக் கண்டதும் முதல் தம்ளரை அவளிடம் நீட்டினாள்.

“குடி ஆத்தா. வெயில்ல வந்துருக்க.”

அந்தக் குரலில் குத்தல் இல்லை. ஹேமாவதி வாங்கிக் குடித்தாள்.

சீனிச்சாமி அவளை வாழைக்குள்ளே கூட்டிப்போனார். ஆட்களின் சத்தம் கேட்கும் தூரம்தான். ஆனால் இலை மறைத்தது. ஒரு மரத்தடியில் நின்றார். துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

“ஏத்தா, இங்கன நம்ம ரெண்டு பேருதான். நெசத்தச் சொல்லு. இருக்கா, இல்லையா?”

“சித்தப்பா…”

“இருந்தா இருக்குன்னு சொல்லிரு. வண்டிய நிப்பாட்டிருவேன். யாரு பெத்த பிள்ளைகளோ திங்கப் போகுது. நம்ம வயிறு நெறையணும்னு அதுகளுக்குக் குடுக்கக் கூடாது. நட்டம்னா நட்டம்தான்.”

அவர் அவள் முகத்தையே பார்த்தார். மண்டபத்தில் யாரும் அவளை அப்படிப் பார்க்கவில்லை. ஆய்வகத்தில் கேமரா இருந்தது. வீட்டில் போன் இருந்தது. கேட்டுத் தெரிந்துகொள்ள நின்ற ஒரே ஆள் அவர்தான். இவருக்குச் சொல்லலாம் என்று தோன்றியது. இருக்கிறது, எப்போதும் இருந்தது, உங்கள் தாத்தா தின்றதிலும் இருந்தது, அதனால் ஒன்றுமில்லை. இவ்வளவுதான். இவர் புரிந்துகொள்ளக் கூடும்.

இருக்கு என்ற முதல் சொல்லோடு அவர் திரும்பி லாரியைப் பார்த்து நடந்துவிடவும் கூடும்.

“இல்ல சித்தப்பா,” என்றாள்.

“நெசமா?”

“நெசமா.”

அவர் மூச்சை விட்டார். மரத்தைக் கையால் தடவினார். பிறகு நெற்றியைச் சுருக்கினார்.

“அப்ப அன்னைக்கு மண்டபத்துல மிசினு கத்துச்சே?”

“அது எங்க வச்சாலும் கத்தும்.”

“எங்க வச்சாலுமா?”

“ஆமா. இங்கன வச்சாலும் கத்தும். கையில வச்சுக்கிட்டாலும்.”

“அது ஒனக்கு அன்னைக்கே தெரியுமா?”

“தெரியும்.”

வெட்டுகிற சத்தம் கேட்டது. தார் ஒன்று இலையை உரசிக்கொண்டு இறங்கியது.

“தெரிஞ்சா அன்னைக்கே சொல்லியிருக்கலாமே ஆத்தா.”

அவர் காத்திருந்தார். காத்திருந்ததில் அவருக்கே சங்கடம் வந்தது போலிருந்தது. அவளுக்காக ஒரு பதிலை அவரே தேடினார்.

“அவுக அப்பிடிக் காட்டச் சொன்னாகளோ? அந்தச் சாரு?”

வாசலுக்கு நடந்தது அவள். தாரில் வைத்தது அவள். கிறிஸ்டோபர் மேசையில் ஒரு பழம் வைத்துவிட்டு நின்றவர். மைக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி வந்தவர்.

“ஆமா,” என்றாள்.

“அதான பாத்தேன்.” அவர் முகம் தெளிந்தது. “நீயா அப்பிடிச் சொல்ல மாட்டன்னு முருகம்மாகிட்ட அன்னைக்கே சொன்னேன். அவதான் கத்துனா. கவர்மெண்டு சம்பளம். சொல்லச் சொன்னா சொல்லித்தான ஆகணும். நீ என்ன செய்வ.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதை அவர் ஒப்புதலாக எடுத்துக்கொண்டார். அவள் தோளைத் தட்டினார்.

“விடு. இதுக்குப் போயி மொகம் வாடாத. நம்ம சனம்தான. ஒருத்தரும் மனசுல வைக்க மாட்டாக.”

இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். லாரி பாதி நிறைந்திருந்தது. மேற்கே அடிவாரத்தில் ஒரு ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. அவர் கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தார்.

“அங்கன என்னதான் பண்றாக? ஒனக்குத் தெரிஞ்சிருக்குமே.”

“தெரியாது சித்தப்பா.”

அவர் அவளை ஒரு தடவை பார்த்தார். முன்பு பார்த்தது போல இல்லை. பக்கவாட்டில், சிரிப்போடு, குரலைத் தணித்துக்கொண்டு.

“சரித்தா, சரி. வெளிய சொல்லக் கூடாதும்பாக. நான் கேக்கல.”

“இல்ல சித்தப்பா, நெசமாவே எனக்குத் தெரியாது.”

“கேக்கலன்னுட்டேன்ல,” என்று சொல்லிவிட்டு, அடியில் தார் நசுங்குகிறது என்று கத்திக்கொண்டு லாரியை நோக்கி நடந்தார்.

அவள் அங்கேயே நின்றாள். முருகம்மாள் இன்னொரு தம்ளர் டீ கொண்டுவந்து கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.